வெள்ளைப் படிவா, கடுகா, எண்ணெய்ப் பிசுக்கா? டிஷ்வாஷர் சொல்லும் சேதி!

“இதுக்கு நானே தேய்ச்சுக் கவுத்திருப்பேனே!”

டிஷ்வாஷர் வாங்கிய பல வீடுகளில் மூன்றாவது, நான்காவது மாதம் கேட்கிற வசனம் இது. இரண்டரை மணி நேரம் ஓடி முடித்த மெஷினைத் திறந்தால், டம்ளரில் வெள்ளைப் பூச்சு. கிண்ணத்தின் அடியில் நேற்றைய சாம்பாரின் கடுகு. தட்டைத் தொட்டால் விரலில் பிசுபிசுப்பு. எல்லாவற்றையும் மறுபடி சிங்க்கில் போட்டுத் தேய்க்க வேண்டும். மாமியார் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார். ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

2020 ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாமல் போனபோது, இந்தியா முழுக்க டிஷ்வாஷருக்குத் திடீர் கிராக்கி வந்தது. அதுவரை பெருநகர அபார்ட்மென்ட்களின் சமாசாரமாக இருந்த மெஷின், இப்போது ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் சமையலறைகளையும் எட்டிப் பார்க்கிறது. முப்பதாயிரம், நாற்பதாயிரம் ரூபாய்ப் பொருள்; பல வீடுகளில் மாதத் தவணை. தவணை முடிவதற்குள் அது பாத்திரம் அடுக்கி வைக்கும் அலமாரியாக மாறிப்போனால், பணம் போனதோடு முடிவதில்லை. மறுபடி சிங்க் முன்னால் நிற்கப்போவது யார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நல்ல சேதி என்னவென்றால், பாத்திரத்தை அழுக்காகவே திருப்பித் தரும் மெஷின்களில் பலவற்றில் எந்தப் பாகமும் பழுதாகியிருக்காது. அதனால், மெக்கானிக்குக்கு போன் போடும் முன், பாத்திரத்தில் ஒட்டியிருப்பது என்ன என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். வெள்ளையாக ஒரு படலமா, துணுக்குகளா, எண்ணெய்ப் பிசுக்கா? மூன்றுக்கும் காரணம் வேறு வேறு.

அதற்கு முன் ஒரு விஷயம். டிஷ்வாஷருக்குள் தேய்க்கிற பிரஷ் எதுவும் கிடையாது. அடியில் மூன்று, நான்கு லிட்டர் தண்ணீரை எடுத்துச் சூடாக்கி, டிடர்ஜென்ட் கலந்து, சுழலும் கைகளின் துளைகள் வழியாக வேகமாகப் பீய்ச்சியடிக்கும். கீழே விழும் அதே தண்ணீரை ஃபில்டரில் வடிகட்டி மறுபடி பீய்ச்சும். பிறகு அதை வெளியேற்றிவிட்டு, புதிதாகத் தண்ணீர் எடுத்து அலசும். ஒரு முழுச் சுற்றுக்கே சுமார் 10 லிட்டர்தான் செலவு. கையால் தேய்த்தால் ஒரு குடம் எங்கே போனதென்று தெரியாது. ஆனால், இவ்வளவு கொஞ்சம் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால்தான், அந்தத் தண்ணீரின் குணமும் சூடும் வேகமும் சரியாக இருந்தே ஆக வேண்டும்.

உப்புத் தண்ணியில் பருப்பு வேகாது... டம்ளரும் பளிச்சிடாது!

முதலில் அந்த வெள்ளைப் படலம். நம் பக்கத்தில் அதிகம் கேட்கும் புகார் இதுவாகத்தான் இருக்கும்.

படிந்த டம்ளர் ஒன்றை எடுத்து, உட்புறம் கொஞ்சம் வினிகரைத் தடவி ஐந்து நிமிடம் விடுங்கள். வினிகர் இல்லாவிட்டால் எலுமிச்சைச் சாறு போதும். கழுவியதும் அந்த இடம் மட்டும் பளிச்சென்று ஆனால், அது தண்ணீரில் இருந்து வந்த சுண்ணாம்புப் படிவு. கண்ணாடி டம்ளராக இருந்து, எவ்வளவு தடவியும் மங்கல் போகவில்லையென்றால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதிகச் சூட்டிலும் அளவுக்கு மீறிய டிடர்ஜென்ட்டிலும் நாள்பட நடப்பது அது, திரும்பச் சரியாகாது. எவர்சில்வரில் வருவது பெரும்பாலும் முதல் வகைதான்.

ராஜபாளையத்தில் ‘நல்ல தண்ணி’, ‘உப்புத் தண்ணி’ என்று பிரித்துச் சொல்லப் பாட்டிகளுக்கு எந்தக் கருவியும் தேவைப்பட்டதில்லை. பருப்பு வேகிற வேகத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம், பருப்பின் தோலையும் சதையையும் இளகவிடாமல் இறுக்கிவிடும். அதே கால்சியம்தான் டிஷ்வாஷருக்கும் எதிரி. சூடு ஏற ஏற அது சுண்ணாம்பாகப் பிரிந்து பாத்திரத்திலும் ஹீட்டரிலும் ஒட்டிக்கொள்ளும். டிடர்ஜென்ட்டையும் முழுதாக வேலை செய்ய விடாது.

மேற்குத் தொடர்ச்சி மலையில் இருந்து இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வரும் தண்ணீருக்கும், பாறையைத் துளைத்த போர்வெல்லில் ஏறும் தண்ணீருக்கும் இருக்கும் வித்தியாசம் நாக்குக்கே தெரியும். குடிநீர் வரும் நாளில் குடங்களையும் தொட்டியையும் நிரப்பிக்கொள்கிறோம். மொட்டை மாடி டேங்க்குக்குப் பெரும்பாலும் போர் தண்ணீர்தான் ஏறுகிறது. பிளம்பர் டிஷ்வாஷரை இணைப்பது எந்தக் குழாயில்? மாடி டேங்க்கில் இருந்து சிங்க்குக்கு வரும் குழாயில். வீட்டில் நல்ல தண்ணீர் இருந்தும் மெஷின் குடிப்பது உப்புத் தண்ணீரைத்தான்.

இந்திய குடிநீர்த் தரநிலையின்படி, ஒரு லிட்டரில் 200 மில்லிகிராம் வரை கடினத்தன்மை இருக்கலாம்; வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடங்களில் 600 வரை அனுமதி. டிஷ்வாஷர் மேனுவல்களில் இதே கணக்கு பெரும்பாலும் ‘ஜெர்மன் டிகிரி’யில் இருக்கும். ஒரு டிகிரி என்றால் சுமார் 17.8 மில்லிகிராம். ஆக 200 என்பது 11 டிகிரி, 600 என்பது 34 டிகிரி. உங்கள் வீட்டுத் தண்ணீர் எத்தனை என்று தெரிந்துகொள்ள, சில மெஷின்களுடன் வரும் சோதனைப் பட்டை போதும். இல்லையென்றால் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திப் பரிசோதிக்கலாம். அளவு வேண்டாம், குத்துமதிப்பாகத் தெரிந்தால் போதும் என்பவர்கள், ஒரு பாட்டிலில் தண்ணீர் பிடித்து, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்க்கலாம். நுரை பொங்கினால் மென்மையான தண்ணீர். நுரைக்காமல் தயிர் திரிந்ததுபோல் மிதந்தால் கடினம்.

இதற்கான மருந்து பெரும்பாலான மெஷின்களுக்குள்ளேயே இருக்கிறது. அடித்தட்டின் கீழே ஒரு பெரிய மூடி தெரிகிறதல்லவா, அதற்குள் உப்புக்கான அறை. அதை ஒட்டிய பகுதியில் இருக்கும் ரெசின் மணிகள், வரும் தண்ணீரில் உள்ள கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும. கொஞ்ச நாளில் மணிகள் நிரம்பிவிடும். அப்போது உப்புக் கரைசல் அவற்றைக் கழுவி மறுபடி தயார்ப்படுத்தும். உப்பு தீர்ந்த மெஷினில் இந்த வேலை நின்றுபோகும். பாத்திரம் வெள்ளையாவது அதற்குப் பிறகுதான்.

எனவே இரண்டு காரியங்கள். ஒன்று, உப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, பலரும் கோட்டை விடுவது: மெஷினில் தண்ணீரின் கடினத்தன்மையை செட் செய்வது. உப்பை நிரப்பிவிட்டு, செட்டிங்கை மென்மையான தண்ணீருக்கான அளவில் விட்டுவைத்தால் மெஷின் அந்த உப்பைத் தேவையான அளவு எடுத்துக்கொள்ளாது. கோடையில் போர் தண்ணீர் மோசமாகும், மழை பெய்தால் கொஞ்சம் தேவலை என்கிற வீடுகளில், மோசமான நாளுக்குத் தகுந்த அளவை வைப்பதுதான் சரி.

‘பக்கத்துல தூத்துக்குடி இருக்கு, கல் உப்புக்கா பஞ்சம்?’ என்று தோன்றும். வேண்டாம். சமையலுக்கான கல் உப்பில் கால்சியம், மெக்னீசியம் உப்புகளும் மண்ணும் கலந்திருக்கும். எதை அகற்ற வேண்டுமோ அதையே உள்ளே கொட்டிய கதையாகிவிடும். தூள் உப்பு இன்னொரு வகையில் கெடுதல், கட்டிதட்டி அடைத்துக்கொள்ளும். டிஷ்வாஷருக்கென்று விற்கும் பருமணி உப்பு மட்டும்தான். முதல்முறை நிரப்பும்போது மட்டும் அறையில் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்பைப் போட வேண்டும். சிந்திய உப்பைத் துடைத்து, மூடியை இறுக்கி, உடனே ஒரு சுற்று ஓட்டிவிடுங்கள். தேங்கிய உப்பு நீர் எவர்சில்வரையும் துருப்பிடிக்க வைக்கும்.

‘ஆல் இன் ஒன்’ மாத்திரை போடுகிறோமே, தனியாக உப்பு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. சுமார் 21 டிகிரி வரைதான் அந்த மாத்திரையை மட்டும் நம்பலாம் என்கின்றன பல மேனுவல்கள். போர் தண்ணீர் அதைத் தாண்டும் வீடுகளில் உப்பும் வேண்டும், ரின்ஸ் எய்டும் வேண்டும். ரின்ஸ் எய்ட் என்பது கடைசி அலசலில் தண்ணீர் முத்து முத்தாக நிற்காமல் வழிந்தோட உதவும் திரவம். சொட்டு நின்று காய்ந்த இடத்தில்தான் புள்ளி விழுகிறது.

சொன்னால் ஆச்சர்யமாக இருக்கும், இது நம் ஊர்த் தலைவலி மட்டும் அல்ல. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886-ல் காப்புரிமை பெற்ற மெஷின்தான் இன்றைய டிஷ்வாஷர்களின் முன்னோடி. கம்பிக் கூண்டில் பாத்திரத்தை நிறுத்தி, தண்ணீரின் வேகத்தாலேயே கழுவலாம் என்பது அவர் கண்டுபிடித்த வழி. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அது பெயர் வாங்கியது. ஹோட்டல்கள் வாங்கின, வீடுகள் அவ்வளவாக வாங்கவில்லை. போதிய வெந்நீர் வசதி பல வீடுகளில் இல்லை என்பது ஒரு காரணம். சோப்பு நுரைக்காத கடினத் தண்ணீர் இன்னொரு காரணம்.

கறிவேப்பிலை போகும் வழி

பாத்திரத்தில் துணுக்குகள் ஒட்டியிருந்தால் தண்ணீரை விட்டுவிட்டு ஃபில்டருக்குப் போங்கள். மெஷினின் ஸ்விட்சை அணைத்து, கீழ்த் தட்டை வெளியே எடுத்தால், நடுவில் உருளையாக ஒரு ஃபில்டர். இடப்பக்கம் திருகித் தூக்கினால் வந்துவிடும். வாங்கிய நாளில் இருந்து அதை எடுத்ததே இல்லை என்றால், மூக்கைப் பொத்திக்கொண்டு திறப்பது நல்லது. கறிவேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, சோற்றுப் பருக்கை, மேலே ஒரு கொழகொழப்பு. தண்ணீர் இதன் வழியாகத்தான் ஒவ்வொரு முறையும் திரும்பிப் போகிறது. குழாயடியில் பிடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்தால் போதும். கம்பி நார் கூடாது; வலை கிழிந்தால் குப்பை நேராக பம்ப்புக்குப் போகும். தினமும் சமைக்கிற நம் வீடுகளுக்கு வாரம் ஒரு முறை சுத்தம் செய்வது நல்லது. திரும்பப் பொருத்தும்போது ‘க்ளிக்’ என்று பூட்டியதா என்றும் பாருங்கள்.

அடுத்தது, தண்ணீரைப் பீய்ச்சும் சுழலும் கைகள். இவற்றின் துளையும் கடுகின் அளவும் பேசிவைத்ததுபோல் ஒத்துப்போகும். ஃபில்டர் சரியாகப் பூட்டாத நாளில் நழுவிய கடுகும் சீரகமும் உள்ளே போய்த் துளையை அடைத்துக்கொள்ளும். கீழ்க் கையைத் தூக்கினாலே பல மாடல்களில் வந்துவிடும். மேல் கைக்கு ஒரு திருகு இருக்கும். எடுத்துக் குலுக்குங்கள். கிலுகிலுப்பை மாதிரிச் சத்தம் வந்தால் கல்ப்ரிட் சிக்கிவிட்டது. பல்குத்தும் குச்சியால் துளைகளைக் குத்திவிட்டு, ஒரு பக்கமாகக் குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவினால் எல்லாம் வெளியே வரும். துளை ஓரத்தில் சுண்ணாம்பு கட்டியிருந்தால், கடையில் எலுமிச்சை உப்பு என்ற பெயரில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் கலந்த வெந்நீரில் ஊறவையுங்கள்.

மேல் தட்டு மட்டும் அழுக்காக இருக்கிறது, கீழே எல்லாம் சுத்தம் என்றாலும் சந்தேகம் இந்தக் கையின் மேல்தான். அதோடு, அடுக்கியதில் ஏதாவது அதன் வழியை மறித்திருக்கும். நீட்டமான தோசைத் திருப்பி ஒன்று தட்டில் இருந்து கீழே நீட்டிக்கொண்டிருந்தால் போதும், கை சுற்றவே சுற்றாது. கதவை மூடும் முன் இரண்டு கைகளையும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பார்ப்பது அரை நிமிட வேலை.

அடுக்குவதிலும் நம் பழக்கம் கொஞ்சம் குறுக்கே நிற்கிறது. கிண்ணத்துக்குள் கிண்ணம், டபராவுக்குள் டபரா என்று அடுக்கியே கை பழகிவிட்டது. மெஷினைப் பொறுத்தவரை, தண்ணீர் நேராகப் பட்ட இடம்தான் சுத்தமாகும். வாய் கீழே பார்க்க, கொஞ்சம் சாய்வாக, ஒன்றை ஒன்று மறைக்காமல் இருக்க வேண்டும். கரண்டிகளைப் பாதி மேலும் பாதி கீழுமாக மாற்றி மாற்றிப் போடுங்கள், ஒன்றுக்குள் ஒன்று படுத்துக்கொள்ளாது.

பால் பாத்திரமும் பிசுக்கும்

மூன்றாவது வகை, எண்ணெய்ப் பிசுக்கு. இதற்கு முதல் காரணம் அவசரம். அரை மணி நேரத்தில் முடிகிற ‘குயிக்’ புரோகிராம், காபி டம்ளருக்கும் பிஸ்கட் தட்டுக்கும் ஆனது. கறிக்குழம்புச் சட்டிக்கு 65, 70 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும் புரோகிராம் வேண்டும். மின்சாரம் மிச்சமாகும் ‘எகோ’வில் சூடு குறைவு, அதை ஈடுகட்டத்தான் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது.

நல்ல சூடு இருந்தும் பிசுக்கு போகவில்லையா? டிடர்ஜென்ட்டைப் பாருங்கள். பவுடர் ஈரம் பட்டுக் கட்டியாகியிருந்தால் அதன் என்சைம்கள் போய்விட்டன என்று அர்த்தம். இந்த என்சைம்களில் ஒன்று மாவுச்சத்தை உடைக்கும், இன்னொன்று புரதத்தை உடைக்கும். பால்கோவாவுக்குப் பெயர்போன ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பால் அடிப்பிடித்த பாத்திரத்தைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த அடி, சூட்டில் இறுகிய புரதம். தீய்ந்து கறுத்துவிட்டால் எந்த மெஷினும் ஒன்றும் செய்ய முடியாது; ஊறவைத்துச் சுரண்டத்தான் வேண்டும். லேசாகப் பிடித்ததை, கொஞ்சம் ஊறவைத்துப் போட்டால் என்சைம் பார்த்துக்கொள்ளும்.

அதற்காக எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிவிட்டு மெஷினில் போடுவதும் சரியல்ல. ‘ஆட்டோ’ புரோகிராம் உள்ள மாடல்களில், தண்ணீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பார்க்கும் சென்சார் உண்டு. ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைப் போட்டால், ‘இன்றைக்கு வேலை கம்மி’ என்று அது முடிவுகட்டிவிடும். ஓரத்தில் ஒட்டிய நெய் அப்படியே தங்கும். சாப்பாட்டு மிச்சத்தை வழித்துக் கொட்டிவிட்டுப் போட்டாலே போதும்.

சிங்க்கில் பயன்படுத்தும் லிக்விடை மட்டும் எக்காரணம் கொண்டும் ஊற்றாதீர்கள். உள்ளே நுரை நிரம்பி, பம்ப் தண்ணீருக்குப் பதில் காற்றைத் தள்ளும். கதவிடுக்கில் நுரை வழிந்து தரையெல்லாம் ஓடும்.

மஞ்சள் கறை படிந்த பிளாஸ்டிக் டப்பா வேறு கணக்கு. அது அழுக்கு இல்லை, சாயம். கழுவியபின் மொட்டை மாடியில் ஒரு நாள் வெயிலில் வையுங்கள். மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் தானே மங்கிவிடும். அலுமினியச் சட்டி கறுத்துப்போவதும் மெஷினின் கோளாறு இல்லை. டிடர்ஜென்ட்டின் காரம் அலுமினியத்துக்கு ஆகாது. இரும்பு தோசைக்கல்லும் மர மத்தும்கூட சிங்க்கோடு இருக்கட்டும்.

டேங்க் எவ்வளவு உயரம்?

சுற்று முடிந்தும் மாத்திரை பாதி கரையாமல் கிடக்கிறது, எல்லாத் தட்டும் ஒரே மாதிரி அழுக்காக இருக்கிறது என்றால், மெஷினுக்குப் போதிய தண்ணீரே வராமல் இருக்கலாம். (அதற்கு முன், மாத்திரை இருக்கும் சிறு கதவைப் பெரிய தட்டு ஏதும் அடைத்திருக்கவில்லையே?)

பெரும்பாலான மாடல்களுக்குக் குழாயில் 0.3 முதல் 0.5 பார் வரை அழுத்தம் தேவை. பார் என்றதும் பயப்பட வேண்டாம். டேங்க்கின் தண்ணீர் மட்டத்துக்கும் மெஷினின் குழாய்க்கும் இடையே 10 மீட்டர் உயரம் இருந்தால் சுமார் 1 பார். அப்படியானால் 0.5 பாருக்கு 5 மீட்டர். தரைத்தளச் சமையலறை, மேலே ஒரு மாடி, அதற்கு மேல் டேங்க் என்றால் பிரச்னையில்லை. சமையலறைக்கு நேர் மேலே மொட்டை மாடி, அதில் டேங்க் என்றால் இரண்டு, மூன்று மீட்டர்தான் தேறும். அந்த வீட்டில் என்ன மெஷின் வைத்தாலும் தண்ணீருக்குத் திணறும். டேங்க்கை உயர்த்துவது அல்லது சின்ன பிரஷர் பம்ப் வைப்பதுதான் வழி. மெஷினை மாற்றினால் தீராது.

உயரம் சரியாக இருந்தால் இன்லெட் ஹோஸைப் பாருங்கள். குழாயை மூடிவிட்டு, மெஷினுக்குப் பின்னால் ஹோஸைக் கழற்றினால், வால்வின் வாயில் ஒரு சின்ன வலை தெரியும். போர் தண்ணீரின் மணலும் இரும்புக் குழாயின் துருவும் அடைந்து நிற்கும் இடம் அதுதான். கழற்றிய ஹோஸை ஒரு பக்கெட்டில் விட்டு ஒரு நிமிடம் தண்ணீர் பிடித்துப் பாருங்கள். 10 லிட்டர் அளவுக்கு நிறைந்தால் வரத்து நன்றாக இருக்கிறது.

கழுவி முடித்தபின் அடியில் அழுக்குத் தண்ணீர் தேங்கி நின்றால் வெளியேறும் பக்கம் அடைப்பு. டிரெய்ன் ஹோஸ் மடங்கியிருக்கலாம். இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தேங்கிய தண்ணீரை ஸ்பாஞ்ச்சால் ஒற்றி எடுத்து, ஃபில்டர் குழியின் ஓரத்தில் உள்ள பம்ப் மூடியைத் திறந்து பார்க்கலாம். எலுமிச்சை விதை, எலும்புத் துண்டு, உடைந்த கண்ணாடி என்று ஏதாவது சிக்கியிருக்கும். கையுறை இல்லாமல் விரலை விடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்தபிறகும் பாத்திரம் அழுக்காகவே வந்தால், அப்போது மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதுதான். ஒரே ஒரு சோதனை பாக்கி. சூடான புரோகிராம் ஓடத் தொடங்கி முக்கால் மணி நேரம் கழித்து நிறுத்தி, கொஞ்சம் பொறுத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு மெதுவாகக் கதவைத் திறங்கள். ஆவி வந்து, தட்டு சுட்டால் ஹீட்டர் நலம். சில்லென்று இருந்தால் ஹீட்டரோ, சூட்டை அளக்கும் சென்சாரோ, போர்டோ பழுது. ஆனால் மாலையில் வோல்டேஜ் இறங்கும் தெருக்களில் இன்னொன்றும் உண்டு. 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 180 வந்தால், ஹீட்டரின் சக்தி அறுபது சதவிகிதமாகக் குறைந்துவிடும். அந்த வீடுகளில் இரவு பத்து மணிக்கு மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

மெக்கானிக் வந்ததும் ‘போர்டு போயிருச்சு’ என்றால், ஹீட்டரை மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். 2,000 வாட் ஹீட்டர் நன்றாக இருந்தால் 26 ஓம் அளவுக்குக் காட்டும். அறுந்திருந்தால் மீட்டர் எதுவுமே காட்டாது. சில புதிய மாடல்களில் ஹீட்டரும் பம்ப்பும் ஒரே பாகம். சேர்த்துத்தான் மாற்ற முடியும், செலவு கூடும். வாரண்டி இருக்கும் மெஷினை வெளி ஆளிடம் திறக்கக் கொடுக்காதீர்கள். பாகம் மாற்றினால் பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிவைத்துக்கொண்டு, அவர் இருக்கும்போதே ஒரு சுற்று ஓட்டச் சொல்லுங்கள். உள்ளே வைக்க, அன்றைய மதியச் சாப்பாட்டுத் தட்டுகள் கழுவாமல் இருக்கட்டும்.